உவர்நீர்த் தொட்டியுள் சிங்கமீன்

பெரிய மீன் சிறிய மீனை விழுங்குதலை நம் முன்னோர் 'மச்ச நியாயம்' என்று பெயரிட்டு, அரசன் இல்லாத நாட்டின் நிலைக்கு உவமையாக வழங்கினர். பரந்த கடலில் அந்நியாயத்தால் கேடில்லை. அங்கே சிறு மீனுக்கு ஓட இடமுண்டு. ஒளியப் பாறையிடுக்கு உண்டு. ஆனால் விழுங்குவதனையும் விழுங்கப்படுவதனையும் ஒரே கண்ணாடித் தொட்டியுள் அடைத்து மனிதன் அழகு பார்க்க முற்படும்போது, அச்சிறு கடலுக்கு அரசன் அவனே ஆகின்றான். அவ்வரசனுடைய கடமை யாது என்பதைச் சிங்கமீன் என்னும் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வாம்.

கடல்வாழ் உயிர்களைத் தொட்டியில் வளர்க்கும் கலை மிகப் பழையதன்று. 1853-ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்கள் காணுமாறு மீன்சாலை ஒன்று திறக்கப்பெற்றது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை நூலறிஞர் 'அக்வேரியம்' என்னும் நூலை வெளியிட்டார். அதன் பின்னர் இங்கிலாந்தின் இல்லங்கள் பலவற்றில் இவ்வழக்கம் பரவிற்று. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-இல் ஒரு மீன்காட்சிச்சாலை அமைந்தது.

சிங்கமீன் இந்துமாக்கடலுக்கும் பசிபிக் மாக்கடலுக்கும் உரியது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளிலும் இவ்வினத்து மீன்கள் வாழ்கின்றன. செம்மையும் வெண்மையுமாகிய வரிகள் உடலெங்கும் மாறிமாறி அமைந்திருக்கும். தோட்செட்டைகள் விரித்த விசிறிபோல் அகன்று, பிடரிமயிரை நினைவூட்டும். இவ்வழகே இதனை விலைகொடுத்து வாங்கத் தூண்டுகின்றது. வாங்கும்போது விரலளவாயிருக்கும் குஞ்சு, நன்கு உண்டு வளர்ந்தால் ஓரடிக்கும் மேற்பட்ட நீளம் உடையதாகும். ஆதலின், வளர்ந்த மீன் ஒன்றுக்கு 450 லிட்டர் நீரேனும் கொள்ளும் தொட்டி வேண்டும் என்பர் இத்துறையில் பழகியவர்.

இம்மீன் விரைந்து துரத்துவதில்லை. அந்திப்பொழுதில் மெல்ல நகர்ந்து, செட்டைகளை இருபுறமும் விரித்து, இரையை ஒரு மூலையில் ஒதுக்கும். பின்னர்க் கண்ணிமைக்கும் நேரத்தில் வாயைத் திறந்து, நீரோடு இரையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். தன் உடல் நீளத்திற் பாதியளவுள்ள மீனையும் இது விழுங்க வல்லது. இதனினின்று, பல மீன்கள் கூடிவாழும் தொட்டிக்குரிய முதல் விதி பெறப்படும்: வாய்க்குள் அடங்குவது எதுவோ அஃது இரை. பல நாள் ஒன்றாயிருந்தன, ஆகவே பழகிவிட்டன என்று கருதுதல் பேதைமையாம். சிறியது வளராதிருக்கச் சிங்கமீன் வளர்ந்துவிடின், நேற்றைய தோழன் இன்றைய உணவாவான். ஓநாயும் ஆட்டுக்குட்டியும் பகையின்றித் தங்கும் காலத்தை ஏசாயா தீர்க்கதரிசி முன்னுரைத்தார். அக்காலம் நம் விருப்பத்தினால் மட்டும் தொட்டியுள் வந்துவிடாது.

ஆகவே சிறு கோமாளி மீன்கள், இறால்கள் முதலியவற்றை இதனோடு விடலாகாது. உடல் அகன்று, அதன் வாய்க்கு அடங்காத பெரு மீன்களே தக்க துணையாவன. அவற்றுள்ளும் கிளாத்தி போன்று கடிக்கும் இயல்புடையவற்றை விலக்குதல் வேண்டும். அவை சிங்கமீனின் நீண்ட செட்டைகளைக் கொறித்துப் புண்படுத்தும். கொல்லும் மீனுக்கும் காவல் வேண்டியிருத்தலை இங்கே காண்கின்றோம். பவளத்தை இது உண்பதில்லையாயினும், ஊனுண்ணும் மீனின் கழிவு மிகுதியாதலால் நீர் கெட்டுப் பவளம் நலியக்கூடும்.

நீரின் தூய்மையே தொட்டியின் உயிர். மீன்களின் செவுள்களினின்றும் கழிவுகளினின்றும் அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை புதுத்தொட்டியில் பெருகி நிலைபெற ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் செல்லும். அதுவரை பொறாது மீனை விடுபவன் அதனை நஞ்சில் விடுபவனே ஆவான். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பும், 24 முதல் 27 பாகை செல்சியஸ் வெப்பமும் மாறாதிருத்தல் வேண்டும். எஞ்சும் நைட்ரேட்டைக் குறைக்க நீரிற் சிறு பகுதியை அவ்வப்போது மாற்றுதலும் இன்றியமையாதது.

உணவிலும் ஒரு நுட்பம் உண்டு. உயிருள்ள தங்கமீனை இட்டு, அது விழுங்கப்படுதலை வேடிக்கை பார்ப்பார் சிலர். இரக்கமின்மை ஒருபுறம் இருக்க, இது சிங்கமீனுக்கே தீங்காம். தங்கமீனின் உடலிலுள்ள ஒரு பொருள் உயிர்ச்சத்து B1-ஐ அழிப்பதாகலின், அதனையே உண்டுவரும் மீன் நாளடைவில் நோயுறும். கணவாய், இறால், கடல்மீன் ஆகியவற்றின் துண்டுகளைக் குச்சியின் நுனியிற் கோத்து நீரில் அசைத்துக் காட்டின், உயிரிரையே உண்டு பழகிய சிங்கமீனும் சில நாட்களில் அவற்றை ஏற்கும். வளர்ந்த மீனுக்கு வாரம் இருமுறை அல்லது மும்முறை இடுதல் போதும்; கேட்கும்போதெல்லாம் இடுதல் அன்பாகாது.

இதன் முட்கள் நஞ்சுடையன. முதுகில் 13, வயிற்றுச் செட்டைகளில் 2, குதச் செட்டையில் 3 ஆக 18 நச்சுமுட்கள் உள்ளன. குத்துண்டால் கடுநோவும் வீக்கமும் உண்டாகும். அந்நஞ்சு புரதத்தால் ஆனது, வெப்பத்தால் கெடும். ஆதலின் குத்துண்ட இடத்தை, தோல் வேகாதவாறு, ஏறத்தாழ 45 பாகை வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி, உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டார் இதனை வாங்குமுன்னரே எண்ணிப் பார்ப்பாராக.

இனி, இவ்வனைத்தினும் பெரிய தீங்கொன்று உளது. வளர்க்க இயலாதவர், 'உயிரைக் கொல்லுதல் பாவம்' என்று கருதி, மீனை அருகிலுள்ள கடலில் விட்டுவிடுவர். அமெரிக்க நாட்டின் புளோரிடாக் கரையில் 1985-இல் முதன்முதலாக ஒரு சிங்கமீன் அகப்பட்டது. அட்லாண்டிக் கடலுக்கு அது முற்றும் அயலானது. தொட்டிகளினின்று விடப்பட்டவற்றின் வழியே அங்குப் பரவிற்று என்பது அறிஞர் துணிபு. 2000-க்குப் பின்னர் அமெரிக்காவின் கீழ்க்கரையிலும் பஹாமாத் தீவுகளிலும் கரிபியன் கடலிலும் அது பல்கிற்று. ஒரு பெண்மீன் ஓராண்டில் ஏறத்தாழ 20 இலட்சம் முட்டைகள் இடும். அங்குள்ள சிறு மீன்கள் அதனைப் பகையென்று அறியா. பஹாமாவில் சிறு பாறைத்திட்டுகளில் நிகழ்த்திய ஆய்வொன்று 2008-இல் வெளிவந்தது. ஒரே சிங்கமீன் இருந்த திட்டுகளில், புதிதாகக் குடிபுகும் இளமீன்களின் பெருக்கம் ஐந்தே வாரங்களில் 79 விழுக்காடு குறைந்ததென்று அது காட்டிற்று. ஒரு மீனுக்குக் காட்டிய இரக்கம் எண்ணிறந்த மீன்களுக்குக் கொலையாய் முடிந்தவாறு காண்க. வளர்க்க இயலாதவர் அதனை விற்றவரிடமோ வளர்க்க வல்ல பிறரிடமோ ஒப்படைத்தலே தக்கது.

கடலின் மீன்களை ஆளும்படி மனிதன் பணிக்கப்பட்டான் என்று ஆதியாகமம் கூறும். ஆளுதல் என்பது அடைத்து வைத்தல் மட்டுமாகாது; ஆளப்படுவதன் இயல்பை அறிந்து, அதற்கேற்ற இடமும் துணையும் உணவும் அளித்தலும் அதனுள் அடங்கும். சிங்கமீன் இரையை விழுங்குதல் படைத்தவன் அதற்கு வகுத்த நெறி, அதனிடம் பழியில்லை. விழுங்குமென்று அறிந்தும் சிறு மீனை அருகில் விட்ட கையையே பழி சாரும். ஆகலின் தொட்டியை நிரப்புமுன் அறிவை நிரப்புக. அவ்வாறு செய்ய ஒருவர்க்குப் பொறுமை இல்லையாயின், சிங்கமீனைக் கடலிலேயே இருக்கவிடுதல் அவருக்கும் நன்று, மீனுக்கும் நன்று.