தீர்ப்பின் நகல் எங்கே?

ஆரணியில் பட்டு நெய்து பிழைக்கும் பெரியவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம் காரியாலயத்திற்கு வந்தார். அவருடைய மகனுக்கு ஸெஷன்ஸ் கோர்ட்டிலே ஐந்து வருஷக் கடுங்காவல் விதிக்கப்பட்டிருந்தது. கையிலிருந்த மஞ்சள் பையை மேஜைமீது கவிழ்த்தார். பையனின் ஜாதகம், ரேஷன் அட்டை, கூட்டுறவுச் சங்கத்தின் பாஸ் புத்தகம், தறியொன்றை விற்ற பணத்தை யாரோ ஒரு தரகரிடம் கொடுத்ததற்குக் கிறுக்கப்பட்ட ஒரு துண்டுக் கடிதம் எல்லாம் விழுந்தன. ஒன்று மாத்திரம் விழவில்லை. “பெரியவரே, தீர்ப்பின் நகல் எங்கே?” என்று கேட்டோம். “அது எதற்கு ஐயா? பையன் குற்றமற்றவன். பெரிய கோர்ட்டிலே அதை எடுத்துச் சொன்னால் போதாதா?” என்றார். தீர்ப்பு வந்து அன்றைக்கு 47 நாளாகியிருந்தது.

போதாது என்பதே நம் பதில். அந்தப் பதிலை அவர் ஒருவருக்கு மட்டும் சொல்லி நிறுத்திவிட நமக்கு மனம் வரவில்லை. தேச ஊழியத்தில் ஈடுபட்ட அன்பர்களின் வீட்டுத் திண்ணைக்குத்தான் இத்தகைய ஏழைகள் முதலில் வருகிறார்கள். அவர்களை வக்கீலிடம் அனுப்புமுன் செய்யவேண்டிய காரியங்களை ஊழியர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியம்.

முதலாவது, நாட்கணக்கு. ஸெஷன்ஸ் ஜட்ஜ் விதித்த தண்டனையை எதிர்த்து ஐகோர்ட்டுக்குச் செல்ல 60 நாள். மாஜிஸ்திரேட் விதித்ததை எதிர்த்து ஸெஷன்ஸ் கோர்ட்டுக்குச் செல்ல 30 நாள். மரண தண்டனையாயின் ஐகோர்ட்டுக்கும் 30 நாளே. 1963-ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டம் விதித்த கெடு இது. நகல் பெறுவதற்கு அவசியமான நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். கெடு தவறினாலும் தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கும்படி கேட்க வழியுண்டு. ஆனால் மன்னிப்பது கோர்ட்டின் விருப்பம். கெடுவுக்குள் செல்வது நமது உரிமை. உரிமையை விட்டுவிட்டுத் தயவை நாடுவது விவேகமாகுமா?

இரண்டாவது, நகல். 2024 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 404-வது பிரிவின்படி, சிறைத்தண்டனை பெற்றவனுக்குத் தீர்ப்பின் நகலை உடனே இலவசமாகக் கொடுக்கவேண்டும். பழைய சட்டத்திலும் இவ்விதி இருந்தது. விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதுமா? ஹோஸ்காட் என்பவரின் வழக்கைப் பாருங்கள். போலிப் பட்டச் சான்றிதழ் சம்பந்தமான குற்றத்திற்கு அவருக்கு ஸெஷன்ஸ் கோர்ட்டு ஒரே நாள் தண்டனை விதித்தது. சர்க்கார் மேலே சென்றது. பம்பாய் ஐகோர்ட்டு அதை மூன்று வருஷமாக்கிற்று. அவர் சுப்ரீம் கோர்ட்டை நாடியபோது வருஷங்கள் பல ஓடிவிட்டன. தண்டனைக் காலமும் கழிந்துவிட்டது. தீர்ப்பின் நகல் உரிய காலத்தில் தம் கைக்கு வரவில்லை என்பது அவருடைய முறையீடு. அவருடைய மனு தள்ளப்பட்டது. எனினும், சிறையிலுள்ளவனுக்கு நகல் இலவசமாகவும் காலத்திலும் கிடைக்கவேண்டும், வக்கீல் வைக்கச் சக்தியற்றவனுக்குச் சர்க்காரே வக்கீல் அமர்த்தவேண்டும் என்று ஜஸ்டிஸ் வி. ஆர். கிருஷ்ணய்யர் 1978-இல் அவ்வழக்கிலே நிலைநாட்டினார். தாம் தோற்ற வழக்கினால் ஹோஸ்காட் ஏழைக் கைதிகள் யாவருக்கும் ஒரு வழி திறந்துவிட்டார்.

மூன்றாவது, அப்பீல் என்பது இன்னதென்று அறிதல். அது வழக்கைப் புதிதாக நடத்துவதன்று. கீழ்க் கோர்ட்டில் பதிவானதை மேல்கோர்ட்டு மீண்டும் பரிசீலிப்பது. புதுச் சாட்சியம் ஏற்பது அபூர்வம். ஆகையால் தீர்ப்போடு முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், கோர்ட்டில் குறியிடப்பட்ட ஆவணங்கள் ஆகியவற்றையும் சேகரிக்கவேண்டும். பாவிலே இழை அறுந்தால், எவ்விடத்தில் அறுந்ததென்று தேடிப் பிணைப்பானேயன்றிப் பாவு முழுவதையும் அறுத்தெறிவானா நெசவாளி? அப்பீலும் அவ்வாறே. தீர்ப்பில் எந்தச் சாட்சியை நம்பியது பிசகு, எந்த முரண்பாட்டைக் கவனியாதது பிசகு என்று இடம் சுட்டவேண்டும். சம்பவ நாள், கைதான நாள், ஜாமீனில் வந்த நாள், தீர்ப்பு நாள் ஆகியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்க. விசாரணைக் காலத்தில் சிறையில் கழிந்த நாட்கள் தண்டனையில் கழியும். ஒரு நாளையும் விட்டுவிடலாகாது.

நான்காவது, எதைக் கேட்பது என்பது. விடுதலை ஒன்றே அப்பீலின் பயன் என்று ஜனங்கள் எண்ணுகிறார்கள். 1908 ஜூலை 7-ஆம் தேதி திருநெல்வேலியில் ஜட்ஜ் பின்ஹே, வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுட்கால தீவாந்தர சிக்ஷை விதித்தார். கூட்டினால் நாற்பது வருஷம். பிள்ளையவர்கள் தாமே வக்கீல். அன்னிய ஆட்சியின் கோர்ட்டு என்று வெறுத்து ஒதுங்காமல் அப்பீல் செய்தார். சென்னை ஐகோர்ட்டு அவரைக் குற்றமற்றவரென்று சொல்லவில்லை. ஆனால் தண்டனையை வெகுவாகக் குறைத்தது. செக்கிழுத்த அந்தச் செம்மல் 1912 டிசம்பரில் வெளியே வந்தார். நாற்பது வருஷக் கணக்கு 1948-இல் முடிந்திருக்கும். அவரோ 1936-லேயே காலமானார். அப்பீல் இல்லாதிருந்தால் அவர் உயிரோடு வீடு திரும்பியிருப்பாரா? குற்றத்தீர்ப்பை எதிர்த்தும், அது நிலைத்தால் தண்டனையைக் குறைக்கவும் சேர்த்தே கேட்பது இதனால்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவனும், பெரும்பாலும், தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் பற்றி மட்டுமாவது அப்பீல் செய்யலாம். கைதி செய்யும் அப்பீலிலே தண்டனையைக் கூட்டச் சட்டம் இடந்தராது. சர்க்கார் தனியே அதற்கு முயன்றாலன்றி அந்தப் பயம் வேண்டாம்.

ஐந்தாவது, வக்கீலிடம் உண்மை பேசுதல். நடந்ததை நடந்தவாறே சொல்க. கட்சிக்காரன் தம்மிடம் நம்பிச் சொன்ன பழைய விஷயங்களை வெளியிட வக்கீலுக்கு உரிமையில்லை. அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்க முடியுமா, பீஸ் எவ்வளவு, கோர்ட்டிலே வாதிடப்போவது யார் என்று வெட்கமின்றிக் கேளுங்கள். ‘ஜட்ஜை எனக்குத் தெரியும்’ என்பவனுக்கு ஒரு காசும் கொடாதீர்கள். சிறையிலிருப்பவனுக்கு, வருமானம் எதுவாயினும், 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100. சிறையதிகாரி மூலமாகவே அப்பீல் மனுவை அனுப்பவும் கைதிக்கு உரிமையுண்டு.

ஆரணிப் பெரியவரின் கதை என்னவாயிற்று? நகல் தொலைந்து போகவில்லை. தீர்ப்பன்றே பையனிடம் கொடுத்திருந்தார்கள். இன்ன காகிதமென்று அறியாமல் அவன் அதைச் சிறையிலே படுக்கைக்கு அடியில் மடித்து வைத்திருந்தான்! தாயார் மனுப் பார்க்கச் சென்றபோது வாங்கி வந்தாள். 58-வது நாள் இலவச வக்கீலின் கையெழுத்தோடு அப்பீல் ஐகோர்ட்டில் தாக்கலாயிற்று. முடிவு இனித்தான் தெரியவேண்டும். ஜயம் நிச்சயமென்று சொல்ல நாம் சோதிடரல்லர். ஆனால் விற்ற தறி திரும்பி வரவில்லை. இரண்டு தறி ஓடிய வீட்டில் இன்று ஒரு தறியே ஓடுகிறது.

தண்டனை பெற்றவன் வீட்டில் முதல் நாளே எவரேனும் ஓர் ஊழியர் நுழைந்து, “தீர்ப்பின் நகல் எங்கே?” என்று கேட்டிருந்தால் அந்தத் தறி மிஞ்சியிருக்கும். தீர்ப்பு நாளன்றே அக்கேள்வியைக் கேட்பதையும் நம் ஊழியர்கள் தங்கள் கடமைகளுள் ஒன்றாகக் கொள்வார்களாக.