எப்பாவலத் தீர்ப்பும் கொட்டாஞ்சேனை மணலும்

ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பழைய வீடுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழும்போது, அவற்றின் கொங்கிறீற்றில் கலக்கும் மணலும் கருங்கல்லும் எங்கோ ஓர் ஆற்றுப் படுகையிலும் ஒரு குன்றிலும் அகழப்பட்டவை என்பதால், கனியவளக் கொள்கை சுரங்கமுள்ள ஊருக்கு மட்டும் உரிய விவகாரமன்று. இலங்கையில் அதன் அடித்தளமாக அமைவது 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டமாகும். நிலம் எவருக்குச் சொந்தமாயினும் அதிலுள்ள கனியம் அரசுக்கே உரியது என்று கூறும் அச்சட்டம், புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தை நிறுவி, அதன் அனுமதிப்பத்திரமின்றிக் கனியத்தைத் தேடுவதையும் அகழ்வதையும் விற்பதையும் தடைசெய்தது.

'அரசுக்கு உரியது' என்ற சொற்றொடரில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. அரசு கனியத்தின் உடைமையாளரா, அன்றி அதன் காப்பாளரா என்ற கேள்விக்கு விடை கொள்கை வகுப்போரிடமிருந்து வரவில்லை. அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவலக் கிராமத்தவர் சிலர் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவின் வழியாகவே வந்தது. அங்கு 1971 இல் கண்டறியப்பட்ட அப்பற்றைட், அதாவது பொசுபேற்று உரத்துக்கு மூலமான கனியம், அளவாக அகழப்பட்டு உள்நாட்டு உரத்தேவைக்குப் பயன்பட்டு வந்த நிலையில், அமெரிக்க நிறுவனமொன்றின் பங்கேற்புடன் அதனைப் பெருமளவில் தோண்டியெடுக்க 1990களில் ஒப்பந்த வரைவொன்று உருவானது. அது நிறைவேறியிருந்தால் ஏறத்தாழ 2,600 குடும்பங்களைச் சேர்ந்த 12,000 பேர் இடம்பெயர நேரும் என்று நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. தாதுசேனன் காலத்து யோத எல என்னும் கால்வாயும், முதல் 17 மைலுக்கு மைலொன்றுக்கு 6 அங்குலம் மட்டுமே சரியும் அதன் வியத்தகு பொறியியலும், அகழ்வினால் ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவையாக இருந்தன.

2000 ஜூனில் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு, இயற்கை வளத்தை மக்கள் அரசின் பொறுப்பில் ஒப்படைத்துள்ளனர் என்றும், ஆகவே அரசு அதன் காப்பாளரே என்றும் உரைத்தது. 1972 இன் ஸ்டொக்ஹோம் பிரகடனத்தையும் 1992 இன் ரியோ பிரகடனத்தையும் துணைக்கொண்டு, வருந்தலைமுறைகளின் பங்கை இன்றைய தலைமுறை உண்டுவிடலாகாது என்ற நியாயத்தையும் அது ஏற்றது. அதைவிடப் பயனுள்ளது அது வகுத்த ஒழுங்குமுறை: முதலில் படிவின் இடமும் அளவும் தரமும் முழுமையாக ஆராயப்பட்டு முடிவுகள் வெளியிடப்பட வேண்டும், அதன்பின் முன்மொழிபவர் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்கு, அதாவது அகழ்வு நீரையும் நிலத்தையும் மனிதரையும் எவ்வாறு பாதிக்கும் என்று முன்கூட்டியே கணிக்கும் ஆய்வுக்கு, சட்டப்படி அங்கீகாரம் பெறவேண்டும், அதுவரை ஒப்பந்தம் கூடாது. பின்னர் எழுதப்பட்ட எந்தக் கொள்கை ஆவணமும் இவ்வளவு தெளிவாகப் பேசியதாகச் சொல்வதற்கில்லை.

ஆனால் பெருந்திட்டத்தைத் தடுத்த அதே விதி சிறு குழிகளை எளிதில் நழுவவிடுகிறது. தரைமேற்பரப்பு அகழ்வைப் பொறுத்தவரை, மொத்தப் பரப்பு 10 ஹெக்டேயரைத் தாண்டினால்தான் அம்மதிப்பீடு கட்டாயமாகிறது. ஆற்றங்கரையில் வரிசையாகத் தோண்டப்படும் மணற்குழிகள் தனித்தனியே அவ்வளவைத் தொடுவதில்லை, சேர்ந்து நின்றோ கரையை இடித்து, கிணற்று நீர்மட்டத்தையும் இறக்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு, மணலையும் மண்ணையும் களிமண்ணையும் ஏற்றிச்செல்ல வேண்டியிருந்த அனுமதிப்பத்திரம் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டமை, கட்டிட விலையைக் குறைக்கும் நோக்குடையதாயினும், லொறியிலுள்ள மணல் எங்கிருந்து வந்தது என்று வழியில் கேட்கும் வாய்ப்பையே பறித்த பிழையான முடிவாகும். கொழும்புத் துறைமுக நகரின் 269 ஹெக்டேயரை நிரப்பக் கடலடி மணல் உறிஞ்சப்பட்டபோது நீர்கொழும்பு மீனவர் எழுப்பிய குரலும், இல்மனைற்று மணலுக்காகத் துளையிடுவதை மன்னார்த் தீவு மக்கள் எதிர்ப்பதும் இதே கேள்வியின் வேறு முகங்களே.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்று தயாரானதும் அதுபற்றிய அறிவித்தல் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் வெளியாக வேண்டும் என்றும், அதன்மீது எவரும் கருத்துரைக்க 30 நாட்கள் உண்டு என்றும் சட்டம் கூறுகிறது. தமிழ்ப் பத்திரிகையின் உட்பக்கத்தில் சிற்றெழுத்தில் வரும் அவ்வறிவித்தலைப் படிப்பவர், அந்த 30 நாட்களுக்குள் தமது கருத்தைத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம்.