கருவி பேசும்போது காது கொடுப்போம்!



வாய் பேச முடியாதவர்கள் கம்ப்யூட்டர் மூலம் பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? அப்படிப் பேசியவர்களில் உலகமே அறிந்தவர் இங்கிலாந்து விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் (1942–2018).

21 வயதில் அவருக்கு நரம்பு நோய் இருப்பது தெரிந்தது. கை, கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்தன. 1985-ல் நிமோனியா வந்தபோது, மூச்சு விடுவதற்காகத் தொண்டையில் துளை போட்டார்கள். உயிர் பிழைத்தது. ஆனால் குரல் போய்விட்டது.

அப்புறம் எப்படிப் பேசினார்? அவருடைய சக்கர நாற்காலியில் கம்ப்யூட்டரைப் பொருத்தினார்கள். திரையில் எழுத்துகளும் வார்த்தைகளும் வரிசையாக வரும். வேண்டியது வந்ததும் கையிலுள்ள பொத்தானை அழுத்துவார். வாக்கியம் முடிந்ததும் கருவி அதைச் சத்தமாகச் சொல்லும். விரலும் வலுவிழந்த பிறகு கன்னத்தை லேசாக அசைப்பார். மூக்குக்கண்ணாடியில் இருந்த சென்சார் அதைக் கண்டுபிடிக்கும்.

ஆரம்பத்தில் நிமிடத்துக்கு 15 வார்த்தை வரை பேசினார். நாம் சாதாரணமாக 100-க்கு மேல் பேசுகிறோம்! பிற்காலத்தில் ஒரு வார்த்தைக்கே ஒரு நிமிடம் ஆனது. ஆனாலும் அவர் பேச்சைக் கேட்க உலகமே காத்திருந்தது.

நம் சென்னையிலும் 'ஆவாஸ்' என்ற கருவியை உருவாக்கியிருக்கிறார்கள். படத்தைத் தொட்டால் அந்த வார்த்தையைச் சொல்லும். தமிழிலும் பேசும்.

கருவி மட்டும் இருந்தால் போதுமா? கேட்பவர்களும் இதையெல்லாம் செய்யணும்:

1. பதில் வரும்வரை பொறுமையாக இருக்கணும். அமைதியாக இருந்தால் பதில் இல்லை என்று அர்த்தம் இல்லை.
2. பாதியிலேயே "இதைத்தானே சொல்ல வர்றீங்க?" என்று நாமே முடிக்கக் கூடாது.
3. திரையை எட்டிப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்க்கணும்.
4. கேள்வியைக் கூட வந்தவரிடம் கேட்காமல் அவரிடமே கேட்கணும்.

நாலாவதுதான் ரொம்ப முக்கியம். எங்கள் தெருவில் பேச்சு வராத தம்பி ஒருத்தன் இருக்கான். கடைக்குப் போனால், "இவனுக்கு என்ன வேணும்?" என்று அவன் அம்மாவிடம்தான் கேட்கிறார்கள். அவன் பக்கத்திலேயே நிற்கிறான்! எல்லாம் அவனுக்குப் புரியும். தேன்மிட்டாய் பாட்டிலைக் கையைக் காட்டியே கேட்பான். யாரும் அந்தக் கையைப் பார்ப்பதில்லை.

பேச்சு வராவிட்டால் யோசனையும் இருக்காது என்று நினைப்பது தப்பு. நாளைக்கு நம் வகுப்பிலேயே கருவியால் பேசும் ஒருவர் வந்து சேரலாம். கருவியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பொறுமையாகக் கேட்பதற்குக் காசு வேண்டாம். அதை இன்றைக்கே தொடங்குவோம், தோழிகளே!

– 9-ஆம் வகுப்பு மாணவி