கடைசி ஏழு கிலோமீட்டருக்கு ஏற்ற டயர்

செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் வாசலில் புதிய காருக்குப் பூஜை போடுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். மாலை சாத்தி, சந்தனம் குங்குமம் இட்டு, நான்கு சக்கரங்களுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்துவார்கள். அப்போது உறவினர்கள் நிறத்தைப் பாராட்டுவார்கள். குழந்தைகள் திரையைத் தொட்டுப் பார்ப்பார்கள். பழத்தின் மேல் ஏறும் டயரைக் குனிந்து பார்ப்பவர் அரிது. நானும் பார்க்கவில்லை.

மும்பைத் தமிழர் வீட்டுக் காருக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. ஆண்டில் பதினோரு மாதம் தாராவி 90 அடி சாலைக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் இடையே அது ஊர்ந்து செல்லும். பள்ளி விடுமுறையிலோ கோயில் கொடைக்கோ, முழுக் குடும்பத்தையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்படும். புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு, சேலம், மதுரை வழியாக ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். இதில் பெரும்பகுதி நல்ல நெடுஞ்சாலை. டயரைச் சோதிப்பது, நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பின் வரும் கடைசிச் சில கிலோமீட்டர்களே.

சில ஆண்டுகளுக்கு முன் கொடைக்காகச் சென்றபோது, சாத்தான்குளம் தாண்டி எங்கள் ஊருக்கு ஏழு கிலோமீட்டர் இருந்தது. சாலையைச் செப்பனிட ஓரத்தில் கருங்கல் ஜல்லி கொட்டியிருந்தார்கள். எதிரே வந்த லாரிக்கு வழிவிட ஒதுங்கினேன். ஒரு கூரிய கல் டயரின் பக்கச்சுவரைக் கிழித்தது. பின்பெட்டியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை. பஞ்சர் ஒட்டும் திரவமும் ஒரு சிறு காற்றடிப்பானும் மட்டுமே இருந்தன. அந்தத் திரவம் டயர் தரையைத் தொடும் பகுதியில் விழும் சிறு துளையை அடைக்கும். பக்கச்சுவர்க் கிழிசலுக்கு உதவாது. இரவு பதினொரு மணி. எழுபத்து நான்கு வயது அம்மாவைச் சாலையோரக் கல்லில் உட்கார வைத்துவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு குட்டியானை வண்டி வரும்வரை காத்திருந்தோம். அம்மா குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஐந்து மணி நேரம் என்னைக் கேட்ட கேள்விகளின் விளைவே இக்கட்டுரை.

ரிம் பெரிதானால் ரப்பர் மெலியும்

டயரின் பக்கச்சுவரில் 185/65 R15 88H என்பதுபோல் எழுதியிருக்கும். 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. R என்றால் ரேடியல். 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். H என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை அதற்குத் தகுதி உண்டு.

இப்போது ஒரு சிறு கணக்கு. மேற்கண்ட டயரின் பக்கச்சுவர் உயரம் 120 மில்லிமீட்டர். 195/55 R16 டயரில் அது 107. 205/45 R17 டயரில் 92 மட்டுமே. மூன்று சக்கரங்களின் மொத்த உயரமும் ஏறத்தாழ 62 சென்டிமீட்டர்தான். ரிம் வளர வளர, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே மெத்தைபோல் நிற்கும் ரப்பரும் காற்றும் குறைகின்றன. பெரிய ரிம் அழகானது. நகரச் சாலையில் திருப்பங்களில் உறுதியாகவும் நிற்கும். பள்ளத்தில் விழும்போது அடியை வாங்குவது ரிம்மும் நம் முதுகும்.

ஆகவே, ஊர்ப்பயணம் உறுதி என்றால், உங்கள் காருக்கு நிறுவனம் அனுமதித்துள்ள அளவுகளில் சிறிய ரிம்மும் உயர்ந்த பக்கச்சுவரும் கொண்டதைத் தேர்ந்தெடுங்கள். சுமைக் குறியீடு நிறுவனம் குறிப்பிட்டதைவிட ஒருபோதும் குறையக்கூடாது.

இரும்பா, அலாயா?

இரும்பு ரிம் அடிபட்டால் பெரும்பாலும் நெளியும். சிறு நெளிவைச் சிற்றூர்ப் பட்டறையிலேயே தட்டி நிமிர்த்திவிடலாம். அலாய் வீல் கடும் அடியில் விரிசல் விடக்கூடும். விரிசலைப் பற்றவைத்து ஓட்டுவது ஆபத்து, மாற்றுவதே வழி. கரடுமுரடான பாதையில் அடிக்கடி செல்பவருக்கு இரும்பு ரிம் குறைந்த செலவில் நிம்மதி தரும்.

கார் வாங்குமுன் பின்பெட்டியைத் திறக்கச் சொல்லி ஸ்டெப்னியைப் பாருங்கள். காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால், டியூப்லெஸ் டயர் கொண்ட கார்கள் ஸ்டெப்னி இல்லாமல் வரலாம் என 2020 அக்டோபர் முதல் விதி அனுமதிக்கிறது. நகரத்தில் அது போதும். ஊர்ப் பாதைக்குப் போதாது. சில கார்களில் ஸ்டெப்னி மற்ற நான்கையும்விடச் சிறியதாக இருக்கும். அதை அதில் குறித்துள்ள வேகத்துக்கு மேல் ஓட்டக்கூடாது.

மண்ணும் முள்ளும்

சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் செம்மணல் தேரி. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல். மழை பெய்தால் டயரின் பட்டன் இடுக்குகளில் அப்பிக்கொண்டு சக்கரத்தை வழுக்கும். ஆண்டுக்கு இருமுறை செல்லும் சிறிய காருக்கு, பட்டன் ஆழமுள்ள சாதாரண டயரே போதும். நிலத்துக்கும் தோட்டத்துக்கும் தினமும் செல்லும் உயரமான வண்டிக்கு, எல்லாப் பாதைக்கும் ஏற்ற கனத்த பட்டன் டயர் பொருந்தும். அதனால் நெடுஞ்சாலையில் இரைச்சல் கூடும். எரிபொருளும் சற்று அதிகம் செலவாகும்.

சீமைக் கருவேல முள்ளும் உடைமுள்ளும் எந்த டயரையும் விடுவதில்லை. டியூப்லெஸ் டயரில் முள் குத்தியபடியே இருந்தால் காற்று மெல்லத்தான் இறங்கும். அதைப் பிடுங்கி எறியாமல் பஞ்சர் கடைவரை மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள்.

தேயாமலே முதிரும் டயர்

மும்பைக் கார் ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டரே ஓடும். பட்டன் புதிதுபோல் இருக்கும். ரப்பர் மட்டும் வெயிலிலும் மழையிலும் நின்று இறுகிவிடும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 1822 என்றால் 2022ஆம் ஆண்டின் 18ஆம் வாரத்தில் தயாரானது. ஐந்து ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் சோதிக்கவும். பக்கச்சுவரில் வெடிப்போ புடைப்போ தென்பட்டால் பயணத்துக்கு முன் மாற்றவும். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே அந்த டயர் ஓடத் தகுதியற்றது. இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புதியவற்றைப் பின்னால் பூட்டுவது நல்லது. ஈரச் சாலையில் வண்டியின் பின்பகுதி வழுக்காது.

காற்றழுத்தத்தை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் பாருங்கள். முழுச் சுமைக்கான அளவு ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். காற்றுக் குறைவான டயர் நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறி வெடிக்கக்கூடும்.

காப்பீடும் கடனும்

வழக்கமான கார் காப்பீட்டில், வண்டிக்குச் சேதமில்லாமல் டயர் மட்டும் கிழிந்தால் இழப்பீடு கிடையாது. வண்டியும் சேர்ந்து சேதமடைந்தால் புதிய டயர் விலையில் 50 சதவீதம் வரையே கிடைக்கும். டயருக்கென்று தனிக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. புதுப்பிக்கும்போது கேட்டுப் பாருங்கள். ரிம் அளவை மாற்றினால் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் அவசியம்.

கார் கடன் கேட்டு வருபவர்களிடம் நான் இப்போது ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன்: "ஊருக்கு இந்த வண்டியில்தான் போவீர்களா?" ஆம் என்றால், பெரிய ரிம்முக்காகவே உயர்ந்த மாடலை எடுத்து ஐந்தாறு ஆண்டு கூடுதல் தவணை கட்டுவதைவிட, அடுத்த மாடலை எடுத்து ஒரு முழு அளவு ஸ்டெப்னியும் சிறு காற்றடிப்பானும் வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். கடன் தொகை குறைவதில் வங்கி அதிகாரிக்கு மகிழ்ச்சியா என்று ஒருவர் சிரித்தார். நான் அவருக்கு அந்த ஜல்லிக் குவியலைப் பற்றிச் சொன்னேன்.

அம்மா இன்றும் எங்களோடு ஊருக்கு வருகிறார். புறப்படுமுன் எலுமிச்சம்பழம் வைப்பது அவர் பொறுப்பு. குனிந்து நான்கு டயர்களையும், பின்பெட்டியில் ஐந்தாவதையும் பார்ப்பது என் பொறுப்பு.