கப்பல் பயணமும் சக்கர நாற்காலியும்

வெளியூரிலும் வெளிநாட்டிலும் பணிபுரியும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, பெற்றோரை உடனழைத்துக்கொண்டு எங்கேனும் சென்றுவர விரும்புவது இயல்பு. முன்பு அந்த இடம் குற்றாலமாகவோ கன்னியாகுமரியாகவோ இருந்தது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்ப்ரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் புறப்படத் தொடங்கிய பின், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பகுதி வீடுகளிலும் கப்பல் பயணப் பேச்சு எழுகிறது. கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. பக்கவாதத்தால் ஒருபுறம் தளர்ந்துவிட்ட தாத்தாவை, மூட்டுத் தேய்மானத்தால் பத்தடிக்குமேல் நடக்க இயலாத ஆச்சியை என்ன செய்வது?

இதற்குப் பெரும்பாலும் இரண்டு விடைகளே சொல்லப்படுகின்றன. “ஆச்சிக்கு அலைச்சல் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும்” என்பது ஒன்று. “கப்பலிலேயே நாற்காலி கொடுப்பார்கள், போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்பது மற்றொன்று. முதல் விடை, செல்லக்கூடிய ஒருவரைத் தேவையின்றி வீட்டில் நிறுத்திவிடுகிறது. இரண்டாவது அதனினும் ஆபத்தானது. கப்பல்களில் சக்கர நாற்காலிகள் இருப்பது உண்மையே. ஆனால் அவை பெரும்பாலும் பயணிகளை ஏற்றி இறக்குவதற்கும் அவசர நேரத்திற்கும் உரியவை. மூன்று நாள், நான்கு நாள் பயணம் முழுவதற்கும் ஒருவருக்கென்று கொடுத்துவிட மாட்டார்கள். எனவே நாற்காலி நம்முடையதாக இருக்க வேண்டும். அது அமர்பவரின் உடலுக்கும் கப்பலின் கதவுக்கும் பொருந்த வேண்டும். இவ்விரண்டையும் அளந்து பார்த்த பிறகே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

உடலுக்கு ஏற்ற நாற்காலி

நம் பகுதியில் புழங்கும் நாற்காலிகளில் பெரும்பாலானவை 18 அங்குல இருக்கை கொண்ட, மடிக்கக்கூடிய இரும்பு நாற்காலிகள். அரசுத் திட்டங்களிலும் நன்கொடையாகவும் கிடைப்பவை பெரும்பாலும் இவ்வகையே. வீட்டு முற்றத்தில் உலவ அவை போதும். நாற்பது கிலோ எடையுள்ள மெலிந்த முதியவர் அதில் அமர்ந்தால் ஒருபுறமாகச் சரிந்துவிடுவார். நாள் முழுவதும் சரிந்தே அமர்ந்தால் முதுகு வலிக்கும். ஒரு பக்கத்து இடுப்பெலும்பின்மேல் எடை முழுவதும் இறங்கிப் புண் உண்டாகும்.

அளப்பது கடினமன்று. தையற்காரரின் அளவுநாடா ஒன்று போதும். அமர்ந்த நிலையில் இடுப்பின் அகலத்தை அளந்து, இருபுறமும் ஒரு விரற்கடை இடைவெளி சேர்த்தால் இருக்கையின் அகலம் கிடைக்கும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பாதத்தாங்கி தரையிலிருந்து இரண்டு அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு நிலைப்படியிலும் அது இடிக்கும். பக்கவாதம் கண்டவர்க்குக் கணக்கு சற்று வேறு. ஒரு கையால் மட்டும் சக்கரத்தைத் தள்ளினால் நாற்காலி வட்டமடிக்கும். அவர்கள் நலமான கையாலும் நலமான காலாலும் சேர்த்தே நாற்காலியைச் செலுத்துகிறார்கள். ஆதலால் அந்தக் கால் தரையில் நன்கு ஊன்றும் அளவுக்கு இருக்கை தாழ்ந்திருக்க வேண்டும், அப்பக்கத்துப் பாதத்தாங்கியைக் கழற்றிவைக்க வேண்டும்.

தாமே நாற்காலியைச் செலுத்த இயலாதவருக்குப் பயணத்தில் ஏற்றது, நான்கும் சிறு சக்கரங்களாக உள்ள, பிறர் தள்ளும் இலகு நாற்காலி. பெரிய பக்கச் சக்கரங்கள் இல்லாததால் இது அகலம் குறைந்தது. எடையும் சாதாரண நாற்காலியில் ஏறத்தாழப் பாதிதான். கார் டிக்கியில் ஒருவரே தூக்கி வைத்துவிடலாம். குறையும் உண்டு. மேடுபள்ளத்தில் சிறு சக்கரம் சிக்கிக்கொள்ளும், தள்ளுபவர் இல்லாவிட்டால் அமர்ந்திருப்பவர் அங்கேயே இருக்க வேண்டியதுதான். கையில் வலுவுள்ளவருக்கு இந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்து அவருடைய தன்னுரிமையைப் பறித்துவிட வேண்டா.

மின்கலத்தில் இயங்கும் நாற்காலியை முதற்பயணத்திற்கு நான் பரிந்துரைப்பதில்லை. அதன் எடையை யாராலும் தூக்க இயலாது. விமானமேறினால் மின்கலத்திற்குத் தனி விதிகள் உள்ளன. கழற்றக்கூடிய ஒற்றை லித்தியம் மின்கலம் 300 வாட்-மணிக்கு மேற்படக் கூடாது. அதையும் கழற்றிக் கையோடு விமானத்துக்குள் கொண்டுசெல்ல வேண்டும்.

இருக்கைத் திண்டைப் பற்றி ஒரு சொல். பத்தமடைப் பாய் நம் பக்கத்து ஊரின் பெருமை; ஆயினும் மடித்த பாயோ போர்வையோ சக்கர நாற்காலித் திண்டுக்கு ஈடாகா. உணர்ச்சி குறைந்தவருக்கும் நெடுநேரம் அமர்ந்திருப்பவருக்கும் இயன்முறை மருத்துவர் கூறும் வகைத் திண்டையே வாங்குங்கள். அதன்மேல் அமர்ந்திருந்தாலும் அரைமணிக்கு ஒருமுறை முன்னோக்கியோ பக்கவாட்டிலோ சாய்ந்து, ஓரிரு நிமிடமாவது எடையை மாற்ற வேண்டும்.

கதவின் அகலம்

இருக்கை 18 அங்குலமாயின், சக்கரங்களும் கைவளையங்களும் சேர்ந்து நாற்காலியின் மொத்த அகலம் ஏறத்தாழ 25, 26 அங்குலம் வரும். பழைய கப்பல்கள் பலவற்றில் சாதாரண அறைக் கதவின் அகலமோ 22, 23 அங்குலமே. எம்ப்ரஸ் கப்பலும் 1990-இல் சேவைக்கு வந்ததே. ஆக, விசாரிக்காமல் சென்ற குடும்பம் அறை வாசலில் நின்றுவிடும். குளியலறை வாசலில் நீர் வெளியேறாமலிருக்க உயர்த்தப்பட்ட நிலைப்படியும் இருக்கும். நாற்காலிக்கு அது இரண்டாவது தடை. நாற்காலியை நடைவழியில் விட்டுவைக்கவும் இயலாது. அவசரத்தில் மக்கள் வெளியேறும் வழி அது.

சக்கர நாற்காலிக்கென வடிவமைத்த அறைகளின் கதவு 32 அங்குல அளவில் இருக்கும். குளியலறையில் நிலைப்படி இராது, சுவரில் பிடிகம்பிகள் இருக்கும். ஆனால் ஒரு கப்பலில் இத்தகைய அறைகள் மிகச் சிலவே. முன்பதிவு தொடங்கும்போதே கேட்டால்தான் கிடைக்கும். “வசதி உண்டு” என்னும் பொது விடையில் அமைதி கொள்ளாதீர்கள். கதவு முழுதாகத் திறந்த நிலையில் எத்தனை அங்குல வழி கிடைக்கும், குளியலறையில் நிலைப்படி எவ்வளவு உயரம், அமர்ந்து குளிக்க இருக்கை உண்டா, தீவிபத்து போன்ற அவசரத்தில் மின்தூக்கி நிறுத்தப்பட்டால் நடக்க இயலாதவரை அழைத்துச் செல்வது யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே விடை பெறுங்கள். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. போக்குவரத்து வசதிகள் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டுமென்பது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட கொள்கை.

பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கக்கூடியவருக்குச் சாதாரண அறையும் போதும்: வாசலில் நாற்காலியை மடித்து உள்ளே கொண்டுவந்துவிட்டு, கைத்தாங்கலுடன் படுக்கைக்குச் செல்லலாம். அத்தகையோர் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்கு அருகிலுள்ள அறையைக் கேட்பது நன்று. ஆட்டம் அங்கே குறைவு. எழுந்து நிற்கவே இயலாதவருக்கு உரிய அறை கிடைக்காவிட்டால், அந்தப் பயணத்தை வேறொரு தேதிக்கு மாற்றுவதே சரி.

கப்பல் கரையோரம் அணையாமல் கடலில் நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறுபடகில் கரைக்கு அனுப்பும் இடங்களும் உண்டு. கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகில் ஏறியவர்களுக்கு இதன் இடர் விளங்கும். விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஆயினும் அதை அடைய, அசையும் படகில் காலெடுத்து வைத்துத்தான் ஆக வேண்டும். அந்த ஓரடித் தாவலைச் செய்ய இயலாதவர், சிறுபடகு நிறுத்தங்களில் கப்பலிலேயே தங்கிக்கொள்ளத் திட்டமிடலாம். எந்தெந்த நிறுத்தங்கள் அவ்வகையின என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

சேரன்மகாதேவியிலிருந்து துறைமுகம் வரை

கப்பலைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கும் குடும்பங்கள், சென்னை வரையிலான ஓரிரவுப் பயணத்தை மறந்துவிடுகின்றன. இங்கிருந்து திருநெல்வேலி சந்திப்பு சுமார் 20 கிலோமீட்டர். காரில் செல்வது எளிது. தொல்லை இரயில் பெட்டியின் படியில் தொடங்குகிறது. முன்பதிவுப் பெட்டியின் உள்வழியில் சாதாரண நாற்காலி செல்லாது. வாசலிலிருந்து படுக்கை வரை நடத்தியோ தூக்கியோதான் செல்ல வேண்டும். எனவே வாசலுக்கு அருகிலுள்ள கீழ்ப்படுக்கையாகப் பெற முயலுங்கள். துணையின்றிச் செல்ல இயலாத உடல் ஊனமுற்றோருக்கு, இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் 75 விழுக்காட்டுக் கட்டணச் சலுகை உண்டு; உடன் செல்லும் ஒருவருக்கும் அதே சலுகை கிடைக்கும். அதற்குரிய சான்றிதழை மருத்துவமனையிலேயே பெறலாம். முதியோர் என்ற காரணத்துக்காக முன்பு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டது.

தூத்துக்குடியிலிருந்து விமானத்தில் செல்வோர், 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுவனத்திடம் நாற்காலி உதவியைப் பதிவு செய்ய வேண்டும். அப்போது ‘நடக்கக் கடினம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. படியேற முடியுமா, இருக்கை வரை நடக்க முடியுமா என்பதையும் சொல்லுங்கள். ஏ.டி.ஆர். வகைச் சிறுவிமானங்களில் பயணிகள் ஏறும் கதவு பின்புறப் படிகளோடு கூடியது. படியேற இயலாதவருக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

தூக்கும்போது நேரும் தீங்கு பெரிது. பக்கவாதத்தால் தளர்ந்த கையைப் பிடித்து இழுத்தாலோ, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலோ தோள்மூட்டு நழுவிவிடும். அந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கும். உதவ வருகிற சுமைதூக்குவோருக்கும் கப்பற் பணியாளருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. “இடத்தோளைப் பிடித்துத் தூக்காதீர்கள், இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடியுங்கள், நலமான பக்கமாக நகர்த்துங்கள்” என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி நாற்காலியின் பின்புறம் தொங்கவிடுவது நல்ல வழக்கம். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் முறையை வீட்டார் இருவராவது பழகிக்கொள்ள வேண்டும். தென்காசிப் பகுதியினர் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தையும் நாடலாம். தண்டுவடப் பாதிப்போடு வாழ்ந்தபடியே திரு. எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அந்த நிறுவனம், மறுவாழ்வுப் பணியை நம் மண்ணிலேயே வளர்த்தெடுத்தது.

உடல்நலக் குறிப்புகள்

வழியில் கழிவறைக்குச் செல்ல நேருமே என்று அஞ்சி முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் முதியோர் பலர். சிறுநீர் பெருக்கும் மாத்திரையையும் அவர்கள் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். சிறுநீர்த்தொற்றும் இதய நோயாளிக்கு மூச்சுத்திணறலும் இதனால் வருவதுண்டு. “மாத்திரை எடுத்தீர்களா?” என்று கேட்பதைவிட, “கழிவறைக்கு எப்படி அழைத்துச் செல்லட்டும்?” என்று கேட்பதே பயன் தரும். பிறர் கண்முன் தூக்கப்படுவதும் மகன் கழிவறைக்கு அழைத்துச் செல்வதும் ஒரு தாய்க்கு எவ்வளவு கூச்சம் தரும் என்பதை எண்ணிப் பார்த்து, உடன் வருபவர் யார் என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

கடற்குமட்டலுக்கு அவோமின் போன்ற மாத்திரைகளைக் கடையிலேயே வாங்கிவிடுகிறோம். முதியோருக்கு அவை தூக்கத்தையும் தடுமாற்றத்தையும் உண்டாக்கும்; சுக்கிலச் சுரப்பி வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும். கேட்காமல் கொடுக்காதீர்கள். நீரிழிவு நோயாளியின் உணர்வற்ற பாதம் பாதத்தாங்கியிலிருந்து நழுவிச் சக்கரத்தில் சிக்கும். மூடிய காலணியும் குதிகால் பட்டையும் அவசியம். கப்பல் ஆடும்போது பிரேக்கு போடாத நாற்காலி தானே உருளும்; நின்றவுடன் இருபுறப் பிரேக்கையும் போட்டுப் பழகுங்கள். இரவில் இடுப்பையும் குதிகாலையும் பாருங்கள்: விரலால் அழுத்தியும் வெளிறாத சிவப்பு இருந்தால், அடுத்த நாள் அந்த இடத்தின்மேல் எடை விழக் கூடாது.

பயணத்திற்கு ஆறு வாரம் முன்னதாக, அமரப்போகும் அதே நாற்காலியுடன் நோயாளியை எம் மறுவாழ்வுப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். கப்பல் நிறுவனம் எழுதியனுப்பிய விடையையும், இப்போது உண்ணும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுவந்தால், நாற்காலியைச் சரிசெய்வதும் மருத்துவக் கடிதம் தருவதும் ஒரே நாளில் முடியும். இடைப்பட்ட நாள்களில், திருநெல்வேலியில் ஒரு விடுதியில் ஓரிரவு தங்கிப் பார்த்துவிடுங்கள். கதவு, கழிவறை, படுக்கை மாற்றம், உணவு மேசை ஆகியவற்றில் எங்கே சிக்குகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். சரிசெய்ய ஒரு மாத அவகாசமும் இருக்கும்.