பிபாவாவ் கடற்படைச் சுற்றுக்காவல் கப்பல் திட்டம்

பிபாவாவ் கடற்படைச் சுற்றுக்காவல் கப்பல் திட்டம் என்பது, இந்தியக் கடற்படைக்கு ஐந்து தொலைகடல் சுற்றுக்காவல் கப்பல்களைக் குஜராத் மாநிலம் அம்ரேலி மாவட்டத்திலுள்ள பிபாவாவ் கப்பல் கட்டும் தளத்தில் கட்டுவதற்காக 2011ஆம் ஆண்டில் ஒப்பந்தம் செய்யப்பட்டு, 2020ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட திட்டமாகும். ஐந்து கப்பல்களுள் இரண்டு மட்டும் 2017ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்டன. அந்த ஒப்பந்தத்தின் கீழ் ஒரு கப்பல் கூடக் கடற்படையிடம் ஒப்படைக்கப்படவில்லை.

சுற்றுக்காவல் கப்பலின் பணி

ஒரு நாட்டின் ஆட்சி எல்லை கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நீள்கிறது. மீன், எண்ணெய் முதலிய வளங்களின் மீதான உரிமையோ 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை செல்கிறது. இவ்வளவு பரந்த நீர்ப்பரப்பில் பல நாட்கள் தொடர்ந்து உலாவிக் கண்காணிப்பதற்கென்றே கட்டப்படுவது தொலைகடல் சுற்றுக்காவல் கப்பல் ஆகும். பேச்சு வழக்கில் இதை ரோந்துக் கப்பல் என்பர். ஏவுகணைகளைச் சுமக்கும் பெரிய போர்க்கப்பலை விட இதில் ஆயுதங்கள் குறைவு. கட்டும் செலவும் இயக்கும் செலவும் குறைவு. இத்தகைய கப்பல்கள் போதாதபோது, போருக்கென்று கட்டிய விலையுயர்ந்த கப்பல்களையே காவற்பணிக்கும் அனுப்ப வேண்டியிருக்கும்.

இவ்வகைக் கப்பல்கள் தமிழ் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. இந்தியக் கடற்படையின் சுகன்யா வகைக் கப்பல்களுள் ஒன்றான சரயு, 2000ஆம் ஆண்டில் இலங்கைக் கடற்படைக்கு விற்கப்பட்டுச் 'சயுர' என்னும் பெயர் பெற்றது. அதே சரயு என்னும் பெயரைத் தாங்கிய புதிய வகைக் கப்பல்கள் நான்கை கோவா கப்பல் கட்டும் தளம் கட்டித் தந்தது. அவை 2013, 2014ஆம் ஆண்டுகளில் படையில் சேர்ந்தன. அவற்றுள் ஒன்றான சுமித்ரா, 2015ஆம் ஆண்டு ஏமன் நாட்டில் போர் மூண்டபோது ஏடன் துறைமுகத்திலிருந்து சுமார் 350 பேரை மீட்டுக் கொண்டுவந்தது. ஒரு சுற்றுக்காவல் கப்பல் கூடுதலாக இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் உள்ள வேறுபாடு இத்தகைய நேரங்களில்தான் புலப்படும்.

ஒப்பந்தம்

இந்தியாவில் பாதுகாப்புத் தளவாட உற்பத்தி 2001ஆம் ஆண்டில்தான் தனியார் துறைக்குத் திறந்துவிடப்பட்டது. அதுவரை போர்க்கப்பல்களை மும்பை, கொல்கத்தா, கோவா முதலிய இடங்களிலுள்ள பொதுத்துறைத் தளங்களே கட்டி வந்தன. 2008ஆம் ஆண்டு நவம்பரில் மும்பைத் தாக்குதலை நடத்தியவர்கள் கடல் வழியாக வந்ததால், கடற்காவலை வலுப்படுத்தும் தேவை மிகுந்தது. இச்சூழலில் 2011ஆம் ஆண்டு பிபாவாவ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏறத்தாழ 105 மீட்டர் நீளமும், 76 மில்லிமீட்டர் பீரங்கியும் கொண்ட ஐந்து கப்பல்கள் கட்டப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. முதற்கப்பல் 2015ஆம் ஆண்டுவாக்கில் கிடைக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. திட்டத்தின் மதிப்பு 2,500 கோடி ரூபாய்க்கும் மேற்பட்டது.

பிபாவாவ் தளத்தின் உலர்துறை 662 மீட்டர் நீளமும் 65 மீட்டர் அகலமும் கொண்டது. மிகப் பெரிய சரக்குக் கப்பல்களை எண்ணி அமைக்கப்பட்டது அது. ஆனால் 2008ஆம் ஆண்டின் உலகப் பொருளாதாரச் சரிவுக்குப் பின் சரக்குக் கப்பல்களுக்கான தேவை வீழ்ந்தது. கடன் வாங்கிக் கட்டிய தளத்திற்குப் போதிய வேலை இல்லாமற்போக, வட்டி மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது.

தாமதம் ஏற்பட்ட விதம்

கப்பல் கட்டும் ஒப்பந்தங்களில் பணம் மொத்தமாகத் தரப்படுவதில்லை. எஃகு வெட்டுதல், அடிக்கட்டை இடுதல், நீரில் இறக்குதல், ஒப்படைத்தல் எனப் படிகள் வகுக்கப்பட்டு, ஒவ்வொரு படியும் நிறைவேறிய பின் ஒரு தவணை தரப்படும். முன்பணத்திற்கு ஈடாக நிறுவனம் வங்கி உத்தரவாதம் அளிக்கும். வாங்குபவருக்கு இது நல்ல பாதுகாப்பு. எனினும் கட்டுபவரிடம் கைப்பணம் தீர்ந்துவிட்டால் இதே ஏற்பாடு ஒரு முட்டுச்சந்தாகிறது. அடுத்த படியை முடித்தால்தான் பணம் வரும். பணம் வந்தால்தான் அடுத்த படியை முடிக்க இயலும். கணிப்பொறியில் இரண்டு செயல்கள் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும் நிலையைப் போன்றது இது. கப்பலின் விலையோ முன்பே உறுதி செய்யப்பட்டது. தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் கூலியும் வட்டியும் கூடுமே தவிர வரவு கூடாது.

2015ஆம் ஆண்டில் அனில் அம்பானி குழுமம் இத்தளத்தை வாங்க முன்வந்து, 2016ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நிர்வாகத்தை ஏற்றது. பின்னர் இதன் பெயர் ரிலையன்ஸ் நேவல் அண்டு இன்ஜினியரிங் என மாறியது. பழைய கடன்களும் உடன் வந்தன.

2017ஆம் ஆண்டு ஜூலையில் ஷச்சி, ஸ்ருதி என்னும் இரு கப்பல்கள் நீரில் இறக்கப்பட்டன. நீரில் இறக்குதல் என்பதைக் கப்பல் முடிவடைந்ததாகப் பலர் தவறாகக் கொள்வதுண்டு. அப்போது முடிந்திருப்பது பெரும்பாலும் உடற்பகுதியே. அதன் பின்னரே கம்பி வடங்கள், குழாய்கள், ராடார், ஆயுதங்கள் முதலியன முழுமையாகப் பொருத்தப்பட்டு, துறைமுகச் சோதனையும் கடற்சோதனையும் நடைபெறும். செலவு மிகுந்த கட்டம் இது. பணமில்லாத நிறுவனம் தடுக்கி விழுவதும் இங்கேதான். இவ்விரு கப்பல்களையும் அக்காலச் செய்திகள் 'ஐ.என்.எஸ்.' என்ற முன்னொட்டுடன் குறிப்பிட்டன. முறைப்படி அம்முன்னொட்டு படையில் சேர்க்கப்பட்ட கப்பலுக்கே உரியது.

ஒப்பந்த நீக்கம்

2018ஆம் ஆண்டு டிசம்பரில், நிறுவனம் அளித்திருந்த வங்கி உத்தரவாதங்கள் பணமாக்கப்பட்டுவிட்டதாக அன்றைய கடற்படைத் தளபதி சுனில் லன்பா செய்தியாளர்களிடம் தெரிவித்தார். ஒப்பந்தம் அப்போதும் நீக்கப்படவில்லை. நீக்கினால் புதிய ஒப்பந்தப்புள்ளி கோரி, முதற்கப்பலைப் பெறப் பல ஆண்டுகள் ஆகும். காத்திருந்தால் பாதி முடிந்த கப்பல்களாவது கிடைக்கலாம். இந்த எண்ணம் 2017ஆம் ஆண்டு வரை நியாயமானதே. உத்தரவாதங்களைப் பணமாக்கிய பின்னும் இரண்டாண்டுகள் நீடித்த காத்திருப்பால் பயன் விளைந்ததாகத் தெரியவில்லை. வங்கி உத்தரவாதம் பணத்தை மீட்டுத் தரும்; காலத்தை மீட்டுத் தராது.

2020ஆம் ஆண்டு ஜனவரியில் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் அகமதாபாத் அமர்வு இந்நிறுவனத்தை நொடிப்பு நடவடிக்கைக்கு உட்படுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் ஒப்பந்தம் நீக்கப்பட்ட செய்தி வெளியானது. தளம் பின்னர் ஸ்வான் எனர்ஜி குழுமத்தின் வசமாயிற்று.

காட்டுப்பள்ளியுடன் ஒப்பீடு

தனியார் தளம் என்பதாலேயே திட்டம் தோற்றது என்று முடிவு செய்ய இயலாது. திருவள்ளூர் மாவட்டம் காட்டுப்பள்ளியில் அமைந்த லார்சன் அண்டு டூப்ரோ தளத்துடன் 2015ஆம் ஆண்டு மார்ச்சில் 1,432 கோடி ரூபாய் மதிப்பில், இந்தியக் கடலோரக் காவற்படைக்கு ஏழு சுற்றுக்காவல் கப்பல்கள் கட்ட ஒப்பந்தமானது. முதற்கப்பல் விக்ரம் 2018ஆம் ஆண்டு ஏப்ரலிலும், கடைசிக் கப்பல் விக்ரகா 2021ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் சென்னையில் படையில் சேர்ந்தன. இக்கப்பல்கள் அளவில் பிபாவாவ் கப்பல்களை நெருங்கியவை. ஆனால் ஆயுதங்கள் எளியவை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். முக்கிய வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. காட்டுப்பள்ளித் தளத்துக்குப் பின்னால் பல துறைகளில் வருவாய் ஈட்டும் தாய் நிறுவனம் நின்றது. பிபாவாவ் தளத்துக்குப் பின்னால் கடன்கொடுத்தோர் நின்றனர்.

சூரத்தைச் சேர்ந்த ஏ.பி.ஜி. கப்பல் கட்டும் நிறுவனமும் இவ்வாறே நொடித்தது. அதனிடம் 2011ஆம் ஆண்டில் கோரப்பட்ட மூன்று பயிற்சிக் கப்பல்களும் கிடைக்கவில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் கையெழுத்தான புதிய ஒப்பந்தத்தின்படி மூன்று பயிற்சிக் கப்பல்களைக் கட்டும் பணி காட்டுப்பள்ளிக்கு வந்தது.

மாற்றுத் திட்டம்

2023ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று, 11 புதிய தலைமுறைச் சுற்றுக்காவல் கப்பல்களுக்காக 9,781 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. இம்முறை பணி பொதுத்துறைக்கே சென்றது: ஏழு கப்பல்கள் கோவா தளத்துக்கும், நான்கு கொல்கத்தாவின் கார்டன் ரீச் தளத்துக்கும் வழங்கப்பட்டன. ஒப்படைப்பு 2026ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கும் என ஒப்பந்தத்தின்போது அறிவிக்கப்பட்டது. பிபாவாவின் முதற்கப்பல் எதிர்பார்க்கப்பட்ட காலத்திலிருந்து கணக்கிட்டால், இது பதினோர் ஆண்டுகள் பிந்தியதாகும்.