உவர்மண்ணில் ஒரு தாவரவியல் பூங்கா

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர், பள்ளிப் பிள்ளைகளை உதகமண்டலத்துக்கு அழைத்துச் சென்று அங்குள்ள அரசினர் தாவரவியல் பூங்காவைக் காட்டித் திரும்பிய கையோடு, இரண்டு சந்தேகங்களை எழுதி அனுப்பியிருக்கிறார். இத்தனை பெரிய துறைமுகமும் இத்தனை புராதனமான முத்துக்குளிப்பும் உடைய தம் ஊருக்கு ஒரு தாவரவியல் பூங்கா வாய்க்காமற்போனது ஏன் என்பது ஒன்று. கிணற்று நீரே கரிக்கின்ற அந்த மண்ணில், பனையையும் உடைமரத்தையும் விட்டால், வேறு எதை நட்டுப் பெயர்ப்பலகை மாட்டுவது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்குச் சரித்திரத்தில் விடை உண்டு. அதைச் சுருக்கமாகவே சொல்லப்போகிறேன், ஏனெனில் என் மனத்தைப் பற்றிக்கொண்டது இரண்டாவது கேள்விதான்.

ஐரோப்பியர் கீழ்த்திசையில் அமைத்த தாவரவியல் பூங்காக்கள் பெரும்பாலும் வியாபாரத்தின் குழந்தைகள். கல்கத்தாவுக்கு எதிரே சிவபூரில் 1787-ல் ராபர்ட் கிட் தொடங்கிய தோட்டமும், 1821-ல் கண்டிக்கு அருகே பேராதனையில் நிலைபெற்ற தோட்டமும், எந்த அயல்நாட்டுப் பயிர் எந்த மண்ணில் லாபம் தரும் என்று சோதித்துப் பார்த்த நிலையங்கள். உதகையில் வெள்ளைக்காரர்களுக்குக் காய்கறி விளைவித்து வந்த நிலத்தை 1848 முதல் பூங்காவாக்கிய மெக்கைவர், பிற்பாடு சின்கோனாவை நீலகிரியில் நிலைநாட்டிய அதே மனிதர். திருநெல்வேலிச் சீமையில் ஜாதிக்காயையும் கிராம்பையும் பயிரிட எண்ணிய கிழக்கிந்தியக் கம்பெனியார் சாரல் விழும் குற்றாலத்தைத் தேர்ந்துகொண்டார்களே தவிர, ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழையே காணும் தூத்துக்குடிக் கரையை ஏறிட்டும் பார்க்கவில்லை. முத்துக்கும் பருத்திக்கும் இந்தக் கரை வேண்டியிருந்தது; செடிக்கு வேண்டியிருக்கவில்லை. சரித்திரம் இவ்வளவே.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல், பழையகாயல் பக்கங்களில், நீர் வற்றும் வேளையில் சேற்றிலிருந்து விரல் விரலாக மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் சுவாச வேர்களின் நடுவே, சாம்பல் படர்ந்த இலைகளோடு அதிக உயரமில்லாத மரங்கள் அடர்ந்திருப்பதைக் காணலாம். இவை வெண்கண்டல், அலையாத்தி என்றும் இவற்றைச் சொல்வதுண்டு. மலைப்பூங்காவின் மலர்ப்பாத்திகளைக் கண்டு வந்த கண்ணுக்கு இவற்றில் அழகு புலப்படாமல் இருக்கலாம். ஆனால் மழையற்ற ஒரு நாளில் இவற்றின் இலையொன்றைப் பறித்து, சூரியனுக்கு எதிரே சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், அதன் மேற்பரப்பில் பொடிப்பொடியான படிகங்கள் மின்னும். நாவில் வைத்தால் அது உப்பு என்பது பிரத்தியட்சமாகத் தெரியும். நீலகிரியின் எந்த விருக்ஷமும் காட்டமுடியாத அற்புதம் இந்த இலையின் முதுகில் இருக்கிறது என்று நான் மனமாரச் சொல்வேன்.

மரத்தின் எதிரே உள்ள சங்கடத்தை முதலில் அளந்து பார்க்கவேண்டும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அத்தகைய நீரிலிருந்து நன்னீரைப் பிரித்தெடுக்க வேண்டுமானால், உப்பை மறித்து நீரை மட்டும் விடும் சவ்வு ஒன்றின் ஊடாக, ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்ட பலத்தைச் செலுத்தியாக வேண்டும். அது 250 மீட்டர் உயரமுள்ள நீர்த்தூணின் கனத்துக்குச் சமம். சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் 2013 முதல் நாள் ஒன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தைப் போன்றவற்றில், பிரம்மாண்டமான பம்புகள் மின்சாரத்தைக் குடித்து, 55 முதல் 70 வளிமண்டலம் வரையிலான அழுத்தத்தோடு கடல் நீரைச் சவ்வுகளின்மீது தள்ளுகின்றன. சேற்றில் நிற்கும் வெண்கண்டலுக்குப் பம்பு ஏது?

இதற்கு விடை கண்டவர், நார்வேயில் பயின்று அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த பெர் ஷோலாண்டர். மரத்தின் உள்ளே நீர் அழுத்தப்பட்டு நிற்கவில்லை, மேலிருந்து இழுக்கப்பட்டு விறைத்து நிற்கிறது என்பது 1894-ல் டப்ளினைச் சேர்ந்த டிக்ஸன், ஜோலி என்ற இருவர் வெளியிட்ட கருத்து. ஆனால் அந்த இழுவிசையை உயிருள்ள மரத்தில் அளந்து காட்டும் வழி நெடுங்காலம் ஒருவருக்கும் சுலபமாகக் கிட்டவில்லை. ஷோலாண்டரும் அவருடைய சகாக்களும் 1965-ல் விவரித்த உபாயம், கேட்ட மாத்திரத்தில் ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று எண்ணவைக்கும் எளிமை வாய்ந்தது. இலைகளோடு ஒரு சிறு கிளையை வெட்டினால், அதுவரை விறைத்திருந்த நீரிழை அறுபட்டு வெட்டுவாயிலிருந்து உள்ளே சுருங்கிவிடுகிறது. இலைகள் உள்ளேயும் வெட்டுவாய் வெளியேயும் இருக்கும்படி அக்கிளையை ஒரு கெட்டியான இரும்புக் கலத்தில் பொருத்தி மூடி, நைட்ரஜன் வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் வெட்டுவாயில் நீர் மீண்டும் பளபளவென்று தலைகாட்டும். அந்தக் கணத்தில் மானி காட்டும் அழுத்தம் எவ்வளவோ, மரத்தில் இருந்த காலத்தில் அந்த நீரை இழுத்த விசையும் அவ்வளவே. கண்டல் இனங்களில் அவர்கள் கண்ட விசை ஏறத்தாழ 30 முதல் 60 வளிமண்டலம். கடல் நீரின் 25-ஐ வெல்ல இது தாராளமாகப் போதும்.

ஆலை தள்ளுகிறது, மரம் இழுக்கிறது. இலையின் உள்ளே உயிரணுச் சுவர்களின் அதிசூக்ஷ்மமான துளைகளில் நீர் ஆவியாகும்போது, அத்துளைகளில் எஞ்சும் நீர்ப்பரப்பு உட்குழிந்து தன்னைத் தொடரும் நீரை இழுக்க, அந்த இழுப்பு தண்டு வழியாக ஒரே இழையாக வேர் வரைக்கும் இறங்குகிறது. வேரின் தோலில் மெழுகு போன்ற பொருள் படிந்த அடுக்குகளும், அவற்றின் உள்ளே இருக்கும் உயிரணுச் சவ்வுகளும் நீருக்கு வழிவிட்டு உப்பில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் வெளியே நிறுத்திவிடுகின்றன. இதில் என்னைப் பரவசப்படுத்தும் செய்தி 1968-ல் ஷோலாண்டர் வெளியிட்டது. கண்டல் வேருக்கு விஷமிட்டும், உறைநிலையை ஒட்டிக் குளிரூட்டியும், அதன் ஜீவ சக்தியை ஒடுக்கிய பிறகும், உப்பைத் தடுக்கும் வேலை நிற்கவில்லை! அந்த வடிகட்டலுக்கு மரம் தன் உணவிலிருந்து கூலி கொடுப்பதில்லை. முழுச் செலவும் சூரியனுடையது.

தூத்துக்குடிக்காரருக்கு இதை விளங்கவைக்க உப்பளத்தைவிடப் பொருத்தமான உவமை கிடையாது. அளத்துப் பாத்தியில் கடல் நீரைத் தேக்கினால் வெயில் நீரை மேலே கொண்டுபோய்விட்டு உப்பைக் கீழே விட்டுச்செல்கிறது. வெண்கண்டலின் இலையையும் ஒரு பாத்தி என்று கொள்ளுங்கள். அங்கும் வெயில் நீரை மேலேதான் கொண்டுபோகிறது, ஆனால் மடையிலேயே, அதாவது வேரிலேயே, உப்பு மறிக்கப்பட்டுவிடுகிறது. மடைக்குத் தப்பி நுழைந்த பத்தில் ஒரு பங்கு உப்பு பாத்தியில் படிந்து மரத்தைக் கொல்லாமலிருக்க, இலையின் மேலும் கீழும் நுண்ணிய சுரப்பிகள் அமர்ந்து, அளத்துத் தொழிலாளர் நீண்ட பலகையால் உப்பை வாரி வரப்பில் ஏற்றுவதைப் போல, அதை இலைக்கு வெளியே ஏற்றுகின்றன. வேர் செய்யும் வேலைக்குக் கூலியில்லை என்றேன்; இந்தச் சுரப்பிகளுக்கோ மரம் தன் சர்க்கரையை எரித்துக் கூலி தந்தாக வேண்டும். அளத்திலிருந்து உப்பை லாரி கொண்டுபோகிறது, இலையிலிருந்து காற்றும் மழையும் கொண்டுபோகின்றன. ஆகவே ஐப்பசி மழை உப்பளத்துக்குச் சத்துரு, வெண்கண்டலுக்கு மித்திரன். இன்னும் ஒரு படி போகலாம். மடையில் மறிக்கப்பட்ட உப்பு மாயமாய் மறைந்துவிடுவதில்லை. வேரைச் சுற்றிய சேற்றில் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே இருக்கிறது. உப்பெடுத்த பின் எஞ்சும் கசப்பு நீரை அளத்துக்காரர் வடிகால் வெட்டி வெளியேற்றுவது போல, மரத்துக்கும் ஒரு வடிகால் வேண்டும். அந்த வடிகாலை அலையேற்றமும் அலையிறக்கமும் நாள்தோறும் கழுவித் தருகின்றன. சேற்றில் வளை தோண்டும் நண்டுகள் அந்த நீர் ஆழத்துக்கு இறங்க வாய்க்கால் வெட்டுகின்றன.

உவமையை இவ்வளவு தூரம் இழுத்ததற்குக் காரணம், பத்திரிகைகள் இவ்விஷயத்தில் காட்டும் அவசரம் வடிகாலில்தான் தடுக்கி விழுகிறது என்பதே. 'உப்பை விரும்பும் மரம்' என்று எழுதுகிறார்கள்; வெண்கண்டல் உப்பை விரும்பவில்லை, பொறுத்துக்கொள்கிறது. நன்னீர் கலந்து உவர்ப்பு பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ தணிந்த இடத்தில்தான் அது செழிக்கிறது. அலை வந்து கழுவாத பள்ளத்தில் முதலில் குள்ளமாகி, பிறகு பட்டுப்போகிறது. வெண்கண்டலின் மரபணுக்களில் சிலவற்றை நெல்லில் செலுத்தி உப்பைத் தாங்கும் பயிரை ஆக்க முயன்ற ஆராய்ச்சி, சென்னை சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் சிரத்தையோடு நடந்த நல்ல ஆராய்ச்சி. ஆயினும் அதைக் கொண்டு கடல் நீரிலேயே நெல் விளையும் நாள் வந்துவிட்டது என்று எழுதுவது விஞ்ஞானமாகாது. மேலே கண்டபடி, இழுக்கும் இலை, மறிக்கும் வேர், வாரும் சுரப்பி, கழுவும் அலை ஆகிய நான்கும் சேர்ந்தே ஒரு மரம் பிழைக்கிறது. அவற்றை ஓரிரண்டு மரபணுக்களில் மூட்டைகட்டி நாற்றங்காலுக்கு எடுத்துச் செல்ல இயலாது. கன்றுகளை லட்சக்கணக்கில் நட்டோம் என்ற விளம்பரங்களையும் இதே கண்ணோடு பார்க்கவேண்டும். நட்ட இடத்தில் அலை எத்தனை உயரம் ஏறுகிறது என்ற விவரம் அவற்றில் அநேகமாக இருப்பதில்லை.

அலை கழுவினால்தான் கன்று பிழைக்கும் என்ற உண்மையை நம் நாட்டிலேயே கண்டறிந்து காரியத்தில் காட்டியிருக்கிறார்கள். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும், முற்காலத்தில் காட்டைக் கூறுகூறாக முழுவதும் வெட்டியதால் வெயில்பட்ட சேறு வறண்டு தாழ்ந்து, தாழ்ந்த பள்ளத்தில் நீர் தேங்கி ஆவியாகி, உவர்ப்பு கடலினும் பன்மடங்கு மிகுந்து, கன்று எதுவும் பிழைக்காத வெளிகள் உண்டாகியிருந்தன. வனத்துறையும் சுவாமிநாதன் நிறுவனமும் அங்கே மீன்முள்ளைப் போல நடுக்கால்வாயும் கிளைக்கால்வாய்களும் வெட்டி அலையை உள்ளே வரவிட்ட பிறகுதான் பச்சை திரும்பியது.

ஆகவே வாசகரின் ஊருக்கு உதகையின் பிரதி தேவையில்லை. புல்தரையும் ரோஜாவும் வேண்டுமென்று லாரியில் செம்மண் கொட்டி, குடிநீரை ஊற்றி வளர்க்கும் பூங்காவை உல்லாசத்தோட்டம் எனலாம். தாவரவியல் பூங்கா என்று சொல்ல என் மனம் ஒப்பாது. இன்ன செடி, இன்ன இடத்திலிருந்து, இன்ன நாளில் கொண்டுவரப்பட்டது என்ற பதிவேடு இல்லாத இடத்தில் மரங்கள் இருக்கலாம், சேகரம் இருக்க முடியாது. உப்பளங்களுக்குப் பேர்போன வேதாரண்யத்தில், உவர்நிலத் தாவரங்களுக்கென்றே மேற்சொன்ன நிறுவனம் ஒரு மரபுவளத் தோட்டத்தை ஸ்தாபித்திருப்பது சரியான திசையில் வைத்த அடி. முத்துக்கரைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டு, தீவுகளின் செடிகளுக்குச் சட்டத்தின் காவல் இருக்கிறது. ஆனால் கட்டுப்பாடுள்ள அத்தீவுகளுக்குப் பள்ளிப் பிள்ளைகளை விரும்பியபோது அழைத்துச் சென்று இலையைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல முடியாது. கரையில் ஒரு கழியோரம் போதும். வேரிலேயே உப்பை இன்னும் கண்டிப்பாக மறித்துவிடுவதால் சுரப்பிகளே இல்லாத சுரபுன்னையை வெண்கண்டலின் பக்கத்தில் நட்டால், ஒரே சங்கடத்துக்கு இரண்டு தீர்வுகளை ஒரே இடத்தில் நின்று ஒப்பிடலாம். உப்பை இலைக்குள்ளேயே வைத்து, அதை நீர்க்கச்செய்ய நீரை நிறைத்துத் தடித்துப்போகும் உமரியை வரப்போரத்திலும், உகாயையும் உடைமரத்தையும் மேட்டிலும் வைத்தால், அலையிலிருந்து மேடு நோக்கி நடப்பவர் உவர்ப்பின் படிகளையே ஏறிச் செல்கிறவராவார்.

பெயர்ப்பலகையில் மட்டும் வழக்கத்தை மீறி ஒன்று சேர்க்கவேண்டும். பெயர், குடும்பம், கொண்டுவந்த இடம், நாள் ஆகியவற்றோடு, அந்த மரத்தின் அடிச்சேற்றில் மாதந்தோறும் அளந்த உவர்ப்பின் அளவும் எழுதப்படவேண்டும். ஏனெனில் கார்த்திகையில் ஆற்று வெள்ளம் வந்து நன்னீரை ஒட்டித் தணியும் கழிமுகம், ஆனி ஆடியில் மழையின்றி வெயிலிலும் வறட்சிக் காற்றிலும் கடலையே மிஞ்சும் அளவுக்கு உவர்க்கிறது. ஒரு லிட்டர் சேற்று நீரில் எத்தனை கிராம் உப்பு என்று பார்ப்பதற்கான கருவி விலை அதிகமில்லாதது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே கையாளக்கூடியது. அந்த வேலையை வாசகரின் பள்ளியே மேற்கொள்ளலாம்.